திகில் படம் பார்த்துவிட்டு மனம் கலங்கியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளிக் கப்பல் ஒன்றில் நடக்கும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் திகில் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. என்னை உலுக்கிய காட்சியில் ரத்தம் இல்லை, கத்தல் இல்லை. வெளியே பழுது பார்க்கப் போன ஒரு பெண் கப்பலுக்குள் திரும்பி வருகிறாள். சாப்பாட்டு மேசையில் சக ஊழியன் ஒருவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். ஆனால் அந்தச் சிரிப்பு அரை நொடி தாமதமாக வருகிறது. அவ்வளவுதான். மறுநாள் காலை என் தங்கை எதற்கோ சிரித்தபோது அவள் உதட்டையே நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏன் அப்படிப் பாக்கறே?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இதே மாதிரி அவதிப்பட்டவர்கள் பலர் என்னிடம் பேசினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

படம்தானே! பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சாதாரணமாக இருந்தார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

உங்களுக்கு மட்டும் இல்லை. இருட்டில் அடுத்த சீட்டுக்காரர் முகம் நமக்குத் தெரிவதில்லை, அதனால் எல்லாரும் தைரியமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. படம் பார்த்து மனநல மருத்துவரிடம் போகும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1975-லேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வெளியான ஒரு பேயோட்டும் படத்தைப் பார்த்த நான்கு பேரைப் பற்றியது அது.

கதைக்குள் முழுசாகப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. நல்ல படத்தைப் பார்த்து அழுகிற அதே மனசுதான் திகில் படத்தைப் பார்த்து நடுங்குகிறது. ஒன்றைப் பாராட்டிவிட்டு மற்றதைப் பலவீனம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேய்ப் படம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இந்த வகைப் படம் மட்டும் ஏன் விடாமல் துரத்துகிறது?

இந்தக் கேள்வியைத்தான் நானும் நிறைய யோசித்தேன். பேய்ப் படம் முடிந்து வெளியே வந்ததும் “பேயாவது ஒண்ணாவது” என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடலாம். இந்தப் படங்களில் அந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. காரணம், அவை பிடித்துக்கொள்ளும் நூலின் ஒரு முனை நிஜத்தில் இருக்கிறது.

உடலுக்குள் இன்னொன்று முட்டையிட்டு வளர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அது கற்பனை இல்லை. கம்பளிப்புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகள் உண்டு. குஞ்சுகள் அந்தப் புழு உயிரோடு இருக்கும்போதே அதைத் தின்று வளரும். கருணையுள்ள ஒரு கடவுள் இப்படி ஒன்றை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று 1860-ல் ஒரு கடிதத்தில் டார்வினே எழுதியிருக்கிறார். எறும்பின் நடத்தையை மாற்றி, செடியில் ஏறி இலையைக் கவ்வவைத்து, பிறகு அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சையும் இருக்கிறது. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்று பெயர். திரையில் பார்த்தது எங்கோ நடக்கிற ஒன்றின் பெரிய வடிவம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதே அறிவு ஆறுதலும் தரும். அந்தப் பூஞ்சை இனங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எறும்பு வகைகளோடு பொருந்தி வாழ்பவை. நம் உடலின் 37 டிகிரி சூட்டில் பெரும்பாலான பூஞ்சைகளால் வளரவே முடியாது. பயத்தின் பாதி அறிவியலிலிருந்து வந்ததென்றால், மீதி அறிவியலையும் படித்துவிடுவது நல்லது. பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

எனக்கு நடந்ததுபோல, “இது அவள்தானா?” என்கிற பயம் வேறு ரகம். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பொம்மையோ ரோபோவோ மனிதரைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். ஆனால் கிட்டத்தட்ட மனிதர் என்கிற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பாகிவிடும் என்றார். அதில் சிரிக்கும் ரோபோ ஒன்றைப் பற்றியும் சொல்கிறார்: சிரிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது மகிழ்ச்சியாகத் தெரியாது, அமானுஷ்யமாகத் தெரியும். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் மூன்று வாரத் தூக்கமின்மைக்கான காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. முகத்தைப் படிப்பதில் நாம் அவ்வளவு தேர்ந்தவர்கள். அரை நொடி பிசகினால்கூடத் தெரிந்துவிடுகிறது.

நெருங்கியவரின் இடத்தில் அவரைப் போலவே இருக்கும் வேறொருவர் வந்துவிட்டார் என்று உறுதியாக நம்பவைக்கும் நோய்நிலை ஒன்றும் உண்டு. 1923-ல் அதை விவரித்த பிரெஞ்சு மனநல மருத்துவர் கப்கிராவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். முகம் அடையாளம் தெரியும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் வரவேண்டிய நெருக்கம் மட்டும் வராது. படம் பார்த்த நமக்கு வருவது அந்த நோய் இல்லை. இத்தகைய கதைகள் எவ்வளவு ஆழமான நரம்பைத் தொடுகின்றன என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இதே படத்தை என் நண்பன் போனில் பார்த்துவிட்டு “சுமார்” என்கிறான். தியேட்டரில் பார்த்ததால்தான் எனக்கு இப்படியா?

பெரும்பங்கு அதுதான். முக்கியமாகச் சத்தம். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபெல். தியேட்டருக்கான ஒலிக்கலவைத் தரப்படி ஒரு சேனல், அதாவது ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கான ஒலி, உச்சத்தில் 105 டெசிபெல் வரை போகலாம். அடிவயிற்றை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலிக்கு 115 வரை இடம் உண்டு. போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி கிட்டத்தட்ட வருவதே இல்லை. உங்கள் நண்பன் பார்த்தது பாதிப் படம்.

திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கி வாரிப் போடுவதை யாராலும் நிறுத்த முடியாது. கண் இமைப்பது சத்தம் கேட்ட ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் நடந்துவிடுகிறது. “இது படம்” என்று யோசிக்கிற மூளைப்பகுதிக்கு விஷயம் போய்ச் சேரும் முன்பே மூளைத்தண்டு வேலையை முடித்துவிடும்.

டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் மலையில் வாழும் மர்மோட் என்கிற அணில் இனத்து விலங்குகளை ஆராய்ந்து வந்தவர். குட்டியைக் கையில் பிடித்தபோது அது போட்ட கீச்சென்ற அலறலில் சுருதி பிசகி, கரகரப்பு கலந்திருந்தது. கேட்டவுடன் தனக்கே பதறியது என்கிறார். 2010-ல் அவரும் சக ஆய்வாளர்களும் 100-க்கும் மேற்பட்ட படங்களின் ஒலியை அலசி, திரைப்படங்களும் அதே மாதிரி ஒழுங்கு குலைந்த ஒலிகளைப் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். இசையமைப்பாளர் வயலினைக் கிறீச்சிட வைக்கும்போது, ஆபத்தில் இருக்கும் ஒரு குட்டியின் குரலை நம் காதில் போடுகிறார். பதறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று: வீட்டில் நிறுத்திவைக்கலாம், விளக்கைப் போடலாம். தியேட்டரில் அந்த அதிகாரம் நம்மிடம் இல்லை.

நடுவில் எழுந்து போவது அசிங்கமா?

இல்லை. போங்கள். நான் அன்றைக்குப் போகவில்லை, “இவ்வளவு காசு கொடுத்தாச்சு” என்று இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் ஒன்று. முடிந்தால் வெளியே வந்தவுடன் வீட்டுக்கு ஓடாதீர்கள். வராந்தாவில் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நின்று தண்ணீர் குடியுங்கள். பிறகு திரும்ப உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். மோசமான காட்சியின் உச்சத்தில் வெளியேறினால் கதை அங்கேயே உறைந்து நின்றுவிடுகிறது. திரும்ப உள்ளே போக மனமில்லையென்றால், படம் பார்த்து முடித்த ஒருவரிடம் முடிவை வாய்வார்த்தையாகக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அது பாதியாகச் சுருங்கிவிடும்.

ரத்தக் காட்சியில் கண் இருட்டி, மயக்கம் வருவதுபோல் ஆனது. இதயப் பிரச்சினையா?

ரத்தமும் காயமும் பார்த்தால் சிலருக்கு ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்கும். மற்ற பயங்களில் இதயம் வேகமாக அடிக்கும். இதில் மட்டும் தலைகீழ். அதனால்தான் மயக்கம். இதற்கு ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய எளிய முறை ஒன்று இருக்கிறது: கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடாவதுபோல் உணர்ந்ததும் தளர்த்துங்கள், 20, 30 நொடி விட்டு மறுபடி. ஐந்து தடவை. உட்கார்ந்த இடத்திலேயே, யாருக்கும் தெரியாமல் செய்யலாம். “உடம்பைத் தளர்த்து, ரிலாக்ஸ் பண்ணு” என்ற வழக்கமான அறிவுரை இங்கே எதிராகத்தான் வேலை செய்யும்.

நெஞ்சுவலி இருந்தாலோ, ரத்தக் காட்சியே இல்லாதபோதும் மயக்கம் வந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பயமே இல்லை, வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். அது?

கேமரா ஆட்டம். கண் நகர்வதாகச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது. பேருந்தில் புத்தகம் படித்தால் வருகிற அதே குமட்டல்தான். 2008-ல் வந்த ‘க்ளோவர்ஃபீல்ட்’ முழுக்கக் கையில் பிடித்த கேமராவில் எடுத்ததுபோல் இருந்ததால், சில தியேட்டர்களில் எச்சரிக்கை அறிவிப்பே ஒட்டினார்கள். பின்வரிசையில் உட்காருங்கள், ஆட்டம் அதிகமானால் திரையின் ஓரத்துச் சுவரைப் பாருங்கள்.

ஒளி பளிச் பளிச்சென்று மின்னும் காட்சிகள் வேறு விஷயம். வெளிச்ச மாற்றத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் கண்ணை மூடுவது போதாது, இமை வழியே ஒளி உள்ளே வரும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மறைத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன். கை நடுங்குகிறது. என்ன செய்வது?

முதலில், உடனே வண்டி எடுக்காதீர்கள். கிளர்ச்சி உடம்பில் இருந்து இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த மிச்சம் அடுத்து வருகிற எந்த உணர்ச்சியோடும் ஒட்டிக்கொள்ளும் என்று 1970-களிலேயே டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் காட்டினார். திகில் படம் பார்த்து வந்தவர்கள் பார்க்கிங்கில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிறகு, நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் சொல்கிறேன்: டெட்ரிஸ் விளையாடுங்கள். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்குகிற அந்தப் பழைய விளையாட்டேதான். 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் குழுவினர் சிலருக்கு மனதை உலுக்கும் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பிரிவினரை 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்து போனது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. காட்சி நினைவாக உறைவதற்கும், கட்டங்களை மனதில் சுழற்றிப் பார்ப்பதற்கும் மூளையில் ஒரே இடம்தான் என்பது அவர்கள் விளக்கம். விளையாட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் பொது அறிவு வினாடிவினாவை வைத்துச் சோதித்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, பேச்சைவிடக் கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுப்பதே மேல். டெட்ரிஸ் இல்லையென்றால் படம் வரையலாம், துண்டுப் படம் அடுக்கலாம்.

நினைக்கவே கூடாது என்று எவ்வளவு முயன்றாலும் அதே காட்சி வருகிறதே?

முயல்வதால்தான் வருகிறது. “வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்” என்று சொல்லி 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை இதற்குப் பேர்போனது. அடக்கியவர்களுக்குப் பிற்பாடு கரடி இன்னும் அதிகமாக வந்தது.

நான் செய்தது இது. ஒரு தாளை எடுத்து, பகல் வெளிச்சத்தில், அந்தக் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக எழுதினேன். மேசை. நீல வெளிச்சம். அவன் கையில் ஒரு கோப்பை. அவள் முகம். சிரிப்பு. எழுத எழுத ஒன்று தெரிந்தது: என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பு வரை மட்டும்தான், திரும்பத் திரும்ப. அதற்கடுத்து என்ன நடந்தது என்று எழுதினேன். அவன் எழுந்து போகிறான். விளக்கை அணைக்கிறார்கள். நான் தியேட்டரை விட்டு வெளியே வருகிறேன், கழிவறையில் குழாயடியில் கையை நீட்டியபடி கண்ணாடியைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வருகிறேன், தங்கை கதவைத் திறக்கிறாள். அதையும் எழுதினேன். அன்றிலிருந்து காட்சி வந்தால் கதவு திறக்கிற இடம் வரை சேர்ந்து வந்தது.

கெட்ட கனவு?

கனவின் முடிவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும். துரத்துகிற ஜந்து நாய்க்குட்டி அளவுக்குச் சுருங்கலாம், கப்பல் கதவு ஒரு தோட்டத்தில் திறக்கலாம். புதுக் கனவை மட்டும் தினமும் பகலில் 10 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பேரி க்ராகோ போன்ற மருத்துவர்கள் கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் கெட்ட கனவுகளுக்கே இதைப் பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறார்கள். படுக்கும் முன் அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம், விவாதம் எதையும் பார்க்க வேண்டாம்.

படம் எடுத்த விதத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போகுமா?

எனக்குப் போனது, பெருமளவு. 1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்தில் சாப்பாட்டு மேசையில் நடிகர் ஜான் ஹர்ட்டின் மார்பைப் பிளந்துகொண்டு ஜந்து வெளியே வரும் காட்சி பலருக்கு வாழ்நாள் கலக்கம். அங்கே ஹர்ட்டின் தலையும் கைகளும்தான் அவருடையவை. உடம்பு மேசைக்கு அடியில் மடங்கி இருந்தது, மேலே இருந்தது செயற்கை மார்பு. உள்ளே இறைச்சிக் கடையிலிருந்து வந்த நிஜக் குடலும் ஈரலும். ஜந்து ஒரு கைப்பொம்மை. கேமராக்காரர்கள் ரத்தம் தெறிக்காமல் இருக்க உடம்பை மூடிக்கொண்டு நின்றார்கள். மற்ற நடிகர்களுக்கு என்னவோ வெளியே வரப்போகிறது என்று தெரியும், இவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்று தெரியாது. நடிகை வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் நீங்கள் பார்க்கும் அதிர்ச்சி நிஜமானது.

மேசைக்கு அடியில் முதுகு வலிக்க மடங்கிக் கிடக்கும் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டால், மேலே நடப்பது பாதி பலம் இழந்துவிடும். ஆனால் படம் பார்த்த அன்றிரவே இந்த வீடியோக்களைத் தேட வேண்டாம். அதே காட்சியை நான்கு தடவை பார்த்ததாக முடியும். ஒரு வாரம் போகட்டும்.

குழந்தையும் கூட வந்துவிட்டாள். “அதெல்லாம் பொய்டா கண்ணு” என்று சொன்னால் போதாதா?

வயதைப் பொறுத்தது. ஜோஆன் கான்டர் என்ற ஆய்வாளர் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார். “இது நிஜமில்லை என்று நினைத்துக்கொள்” என்று சொன்னது 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு உதவியது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு உதவவில்லை. சின்னக் குழந்தைக்கு உருவம்தான் பயம், விளக்கம் காதில் ஏறாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போர்வை, குடிக்க ஏதாவது, விளக்கு எரியட்டும். “இதுக்கெல்லாமா பயம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதன் பிறகு பயத்தை உங்களிடம் சொல்லமாட்டாள், பயம் மட்டும் இருக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சில நாளில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கலாம். ஒரு மாதம் ஆகியும் தூக்கம், வேலை, சாப்பாடு கெட்டுக்கொண்டே இருந்தாலோ, வீட்டு மனிதர்கள் நிஜமாகவே மாறிவிட்டார்கள் என்று தோன்றினாலோ தயங்காமல் போங்கள். பொழுதுபோக்குக்காகப் பார்த்த படத்தால் மட்டும் வரும் கலக்கத்தை, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு பிடிஎஸ்டி என்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காக உங்கள் அவதி பொய் என்று ஆகிவிடாது. பல சமயம் படம் பழைய காயத்தின் மேல் கை வைத்திருக்கும். என்னிடம் பேசிய ஒருவருக்கு, மூச்சுக்குழாய் செருகும் ஒரு காட்சிதான் தாங்கவில்லை. அவர் சிறுவயதில் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர். அவர் பேச வேண்டியிருந்தது படத்தைப் பற்றி அல்ல.

இனி இந்த மாதிரிப் படமே வேண்டாமா? அதே படத்தை மறுபடி பார்த்தால் தெளிந்துவிடுமா?

பார்க்காமலே இருக்கலாம், எந்த நஷ்டமும் இல்லை. பார்ப்பதென்றால் அவசரப்படாதீர்கள். நான் எட்டு மாதம் கழித்துப் பார்த்தேன். மதியம், ஜன்னல் திறந்திருந்தது, பக்கத்தில் தங்கை, ரிமோட் என் கையில். அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தினேன். பிறகு ஓடவிட்டேன். சிரிப்பு தாமதமாகத்தான் வந்தது, நான் கற்பனை செய்யவில்லை. ஆனால் முதல் தடவை அவள் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். தங்கை திரையின் ஓரத்தைக் காட்டினாள். படத்தில் அந்தப் பெண் சிரிப்பதற்கு முன்பே அந்த ஊழியன் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைக்கிறான்.

“அவனுக்கும் தெரிஞ்சிருச்சு பாரு” என்றாள்.